தங்கம்மாளின் வேலை நேரம்

சிதம்பரம் கனகசபை நகரில் அந்த மாடி வீட்டுக்கு முன்னால் மணிவண்ணன் வண்டியை நிறுத்தியபோது காலை பதினொரு மணி. தை மாதத்து நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு ஆட்டோக்காரர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் வசதியான வீட்டுப் பேய்களைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டவர்கள். வீட்டு வேலை செய்து செத்தவளுக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. அவள் காலை ஒன்பது மணிக்கு வந்தாக வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்குக் குமராட்சி மினி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எதைச் செய்வதென்றாலும் அதற்குள்தான்.

இதெல்லாம் மணிவண்ணனுக்கு அப்போது தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவன் அவன். வியாழக்கிழமைதோறும் வண்டியின் பின்னால் வாளி, குழாய், வலை, பாசி சுரண்ட ஒரு பழைய ஏடிஎம் கார்டு என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் வருவான். ஒரு பல் டாக்டர் கிளினிக், ஒரு ஜவுளிக்கடை, நாலு வீடு. தொட்டியைக் கழுவுவான், தண்ணீர் மாற்றுவான். மீன் ஏதாவது செத்திருந்தால் வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டு, அதே நிறத்தில் வேறொன்றை விட்டுவிடுவான். இப்படிச் சின்னச் சின்னப் பொய்களால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்பது அவன் கட்சி.

இந்த சபாபதி வீட்டிலிருந்து மட்டும் இரண்டு மாதமாக அழைப்பே இல்லை. நேற்றுத்தான் சபாபதியின் மனைவி குணசுந்தரி போன் செய்து, தொட்டி பச்சையாகக் கிடக்கிறது, உடனே வா என்றிருந்தார்.

காலிங் பெல்லை அழுத்தினான். கதவைத் திறந்தது தங்கம்மாள்.

ஒரு நொடி அப்படித்தான் நினைத்தான். அதே ஏறு நெற்றி, தோளில் அதே மாதிரி போட்ட துண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே நிலை. ஆனால் இந்த முகத்துக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

“யாருங்கண்ணே?”

“மீன் தொட்டி கிளீன் பண்ண வந்திருக்கேம்மா. தங்கம்மாக்கா இல்லியா?”

“அது எங்கம்மா. கார்த்திகையில செத்துப்பூடுச்சி. நான் கயல்விழி.” பலமுறை சொல்லிப் பழகிய குரலில் சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே சோபாவில் குணசுந்தரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “வா தம்பி. கேட்டியா சேதிய? ஹார்ட்டு அட்டாக்கு. வேல செஞ்சிக்கிட்டிருக்கும்போதே போயிட்டா. அதான் பொண்ணையே வரச் சொல்லிட்டோம். நமக்கும் பழகுன குடும்பம், அதுங்களுக்கும் ஒரு ஒத்தாச.”

செத்த மீனை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறொன்று. மணிவண்ணனுக்கு ஏனோ அது ஞாபகம் வந்தது. தங்கம்மாள் அவனைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டு, கேட்காமலே காபி கொண்டுவந்து வைப்பவள். பாவம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான்.

மூன்றடித் தொட்டி. கண்ணாடி முழுக்கப் பாசி. உள்ளே நாலு கோல்டு ஃபிஷ் இருப்பதே, அவை கண்ணாடியை ஒட்டி வரும்போதுதான் தெரிந்தது.

“ஜன்னல் வெயில் நேரா அடிக்குதுக்கா. லைட்டும் நாள் பூரா எரியும்போல. தீனியும் ஜாஸ்தி. மீனு தின்னது போக மிச்சம் பூரா பாசிக்குத்தான் சாப்பாடு. ஸ்கிரீன் போடுங்க, லைட்டு ஆறு மணி நேரம் போதும். மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்தி உட்டுர்றேன்.”

“லைட்ட நிறுத்தி ஒரு வாரம் ஆவுது. ஸ்கிரீனும் போட்டாச்சு. கயலு மூணு தடவ தொட்டியக் கழுவிட்டா. ரெண்டே நாளு, மறுபடியும் பச்ச.”

அவன் நம்பவில்லை. வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் நம்பினால் இந்தத் தொழில் நடக்காது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தான். ஓரமாக ஓரிடத்தில் பாசி வேறு மாதிரி இருந்தது. யாரோ நாலு விரலை ஊன்றி எடுத்தது போல நாலு தடம். இந்தப் பெண் கழுவும்போது பட்டிருக்கும் என்று அதையும் சுரண்டிவிட்டான்.

பிறகு பிளாஸ்டிக் செடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். மொத்தம் ஒன்பது. உயரமான செடியின் உச்சியில் நூல்பாசி பிடித்திருந்தது. பேருக்கேற்றபடி அது நூல் நூலாக வளரும், தண்ணீர் போகிற பக்கமெல்லாம் அலையும். இது அலையவில்லை. வாரி, முறுக்கி, சுற்றிச் செருகியிருந்தது.

வயதான பொம்பளைகள் போடுகிற சின்னக் கொண்டை.

முகர்ந்து பார்த்தான். பாசி நாற்றத்தைத்தான் எதிர்பார்த்தான். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

“எங்கம்மா இப்பிடித்தான் கொண்ட போடும்.” பின்னால் நின்றிருந்த கயல்விழி மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் பயம் இல்லை. “நாலு மணிக்கு மேல பாருங்க, அவுந்து சாதாரணமா ஆயிடும். மறுநா நான் ஒம்போது மணிக்கு வந்து பாத்தா மறுபடியும் முடிஞ்சிருக்கும்.”

மணிவண்ணன் செடிகளை வாளியில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான். சின்னப் பெண், தாயை இழந்தவள், எதையாவது சொல்லத்தான் செய்வாள்.

கொல்லையில், சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு சின்ன பாத்ரூம். வேலைக்காரர்களுக்கானது. தண்ணீர் பிடிக்க அங்கேதான் போக வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு பிளாஸ்டிக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே போய்க் குழாயைத் திறந்தான். தொண்டையைக் கமறச் செய்கிற ஒரு பழைய நெடி. கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொள்ள வந்து, ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது.

இழுத்துப் பார்த்தான். நகரவில்லை.

“அது சாத்தாதுண்ணே,” வெளியிலிருந்து கயல்விழி சொன்னாள். “பழைய கதவ ஒடச்சித்தான எங்கம்மாவ எடுத்தாங்க. புதுசு போட்டதுலேர்ந்தே இப்பிடித்தான். கார்பெண்டர் கண்ணாயிரம் மூணு தடவ வந்து கீல மாத்திட்டாரு. பகல்ல சாத்தாது. நாலு மணிக்கு மேல நல்லா சாத்துது.”

மரக்கதவு என்றால் மழைக்கு ஊதிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஊதாது. அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க அவன் விரும்பவில்லை.

கொல்லை வெயிலில் உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் பிளீச்சிங் கலந்து செடிகளைக் கால் மணி நேரம் ஊறவைத்தான். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இலை இலையாகத் தேய்த்தான். நாலு தண்ணீர் அலசி, குளோரின் முறிக்கிற மருந்து விட்ட தண்ணீரில் முக்கி, காயவைத்தான். அந்தச் சமயத்தில் பாத்ரூமுக்குள் யாரோ இருமினார்கள்.

உள்ளே யாரும் இல்லை. அவன் இப்போதுதான் அங்கிருந்து வந்தான்.

கயல்விழி துணி அலசுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மறுபடி அலச ஆரம்பித்தாள்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போதுதான் அவனுக்கு அந்த நெடி எது என்று பிடிபட்டது. ஈரக் கையோடு போய் போனை எடுத்து, குணசுந்தரி நம்பரில் பழைய மெசேஜ்களைத் தேடினான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. குணசுந்தரி எழுதியிருந்தார்: ‘தம்பி, பிளீச்சிங்ல ஊறப்போட்டும் செடில வெள்ளக் கறை போவல. என்ன பண்றது?’ அதற்குக் கீழே அவனுடைய வாய்ஸ் மெசேஜ். பத்தொன்பது நொடி. எங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவசரத்தில் பேசியது. காதில் வைத்துக் கேட்டான்.

“அக்கா, அது உப்புக் கறை. அந்தத் தண்ணிலயே கொஞ்சம் ஆசிட்டு ஊத்தித் தேய்க்கச் சொல்லுங்க, போயிடும். நெடி வரும், ஒண்ணுமில்ல. கதவ சாத்திக்கிட்டுப் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா வீடு பூரா வீசும்.”

பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. சேர்த்தால் நெஞ்சை அடைக்கிற வாயு வரும். ஆனால் அவனும் அவசரத்துக்கு ஒன்றிரண்டு தரம் சேர்த்திருக்கிறான், கடைக்குப் பின்னால் வெட்டவெளியில். நாலு இருமல் இருமியதோடு சரி. அதனால் அது பெரிய விஷயமாக அவனுக்குத் தோன்றியதே இல்லை.

கதவைச் சாத்தச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அவன் ஊர் கடலூருக்குத் தெற்கே, ஆலைகளை ஒட்டி இருக்கிற ஊர். பேர் வேண்டாம். அங்கே காற்று திரும்பினால் நெடி வரும். வந்ததும் முதல் வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், அடுத்து இரண்டாவது வீடு, அப்படியே தெரு முழுக்க. உள்ளே உட்கார்ந்து காற்று திரும்பக் காத்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து நெடிக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கதவைச் சாத்துவதுதான். மூக்கும் பாதி மரத்துப்போயிருக்கும். நெடி வெளியிலிருந்து வந்தால் சரி. உள்ளேயே பிறந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. எத்தனையோ மைல் தள்ளி இருக்கிற ஒரு பாத்ரூமுக்குள் ஒரு பொம்பளையை வைத்துச் சாத்தச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பத்தொன்பது நொடி முடிந்துவிட்டது. போன் காதிலேயே இருந்தது.

யாரோ இருமினார்கள்.

மறுபடி இருமல், இந்தத் தடவை நெஞ்சுக்குள்ளிருந்து. பிறகு எதையோ தட்டுகிற சத்தம். மரக்கதவை உள்ளிருந்து.

போனை விலக்கிப் பார்த்தான். மெசேஜ் ஓடவில்லை, எப்போதோ முடிந்து நின்றிருந்தது. காதில் வைத்தான். சத்தம் நின்றுவிட்டது.

அதை அழித்தான். அவன் போனில்தான் அழிந்தது.

அடுத்த வியாழன் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் புதன்கிழமை ராத்திரியே குணசுந்தரி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். தொட்டி மறுபடியும் பச்சை.

அன்று கயல்விழி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குணசுந்தரி அவனைத் தொட்டிப் பக்கமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பொண்ணு எதையாவது கேக்கும் தம்பி. நீ வாயக் குடுத்துக்காத. ஹார்ட்டுன்னு எழுதி வாங்கியாச்சு, காரியமும் முடிஞ்சிது. நீ சொல்லித்தான நான் ஊத்தச் சொன்னேன். உன் வாய்ஸு அப்பிடியே என் போன்ல இருக்கு. நான் இதுவரைக்கும் யாருக்கும் போட்டுக் காட்டல.”

சிரித்தபடி சொன்னார். காபி சாப்பிடுகிறாயா என்றும் கேட்டார். பிறகு, தலை வலிக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று மாடியறைக்குப் போய்விட்டார்.

மணிவண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதுதான் கேவலம். இனி யாரும் எதையும் சொல்லப்போவதில்லை. ஊரில் மனைவி மகேஸ்வரி இருக்கிறாள், மூச்சிரைப்புக்கார மகள் சினேகா இருக்கிறாள், கடை இருக்கிறது. செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. இப்படி எல்லாம் கணக்கு சொல்லிக்கொண்டு செடிகளை எடுத்தான். அந்தக் கொண்டையை இந்த முறை பார்க்காமலே பிய்த்து எறிந்தான்.

கொல்லையில் வாளியில் பிளீச்சிங் கலந்து செடிகளை ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கயல்விழி எதிரே நின்றிருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளும்மா.”

“எங்கம்மாவுக்கு ஒரு நாளும் நெஞ்சு வலின்னு வந்ததில்ல. வயல்ல நாத்துக் கட்டு தூக்குன ஒடம்பு. அன்னிக்கி பாத்ரூம்ல இந்தச் செடிங்கதான் கெடந்துச்சாம். பக்கத்துல பிளீச்சிங் டப்பா, ஆசிட்டு பாட்டிலு. நீங்க இதுல தொழில் பண்றவரு. அத ரெண்டையும் சேத்தா எதுனா ஆவுமா?”

கேள்வி அவ்வளவுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

கொல்லையில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது. பாத்ரூம் கதவு அந்த ஒரு விரற்கடை திறந்தபடி அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போல இருந்தது.

“ஒண்ணும் ஆவாதும்மா,” என்றான் மணிவண்ணன். “கொஞ்சம் நெடி வரும். அவ்ளோதான்.”

அவள் அவனையே பார்த்தாள். தேவைக்கு அதிகமாகக் கொஞ்ச நேரம்.

“அப்ப சரிண்ணே. இந்த வெள்ளக் கறை போவவே மாட்டேங்குது. நான் ஆசிட்டு ஊத்தித் தேச்சிர்றேன். இங்க ஊத்துனா வீடு பூரா வீசும்னு அக்கா திட்டும்.”

வாளியைத் தூக்கினாள். இன்னொரு கையில் ஆசிட் பாட்டில். பாத்ரூமுக்குள் போனாள்.

நில்லு என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

மணிவண்ணன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே பாட்டில் மூடி திறக்கிற சத்தம், வாளித் தண்ணீரில் எதையோ ஊற்றுகிற சத்தம்.

கதவை உள்ளிருந்து இழுத்தாள்.

சாத்தவில்லை.

மறுபடி இழுத்தாள். கதவு அதிர்ந்தது, ஆனால் நகரவில்லை. மூன்றாவது முறை இரண்டு கையாலும் இழுத்திருப்பாள், கீல் முனகியது.

அப்போதுதான் அவன் பார்த்தான்.

கதவின் விளிம்பில், வெளிப்பக்கமாக, நாலு விரல்.

உழைத்துக் காய்த்துப்போன, ஈரமான விரல்கள். நகக்கண்ணில் பாசி. அவை கதவை இறுக்கிப் பிடித்திருந்தன. விரலுக்குப் பின்னால் கை இல்லை, ஆள் இல்லை, வெறும் வெயில்தான் இருந்தது.

விரல்கள் கதவை இழுத்தன.

கதவு முழுக்கத் திறந்து சுவரில் போய் அடித்தது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து கயல்விழி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே வந்து கொல்லை மண்ணில் விழுந்தாள். எவ்வளவோ நேரம் இருமினாள். மணிவண்ணன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

மூச்சு திரும்பியதும் எழுந்து உட்கார்ந்தாள். குரல் கிழிந்திருந்தது.

“ஒண்ணும் ஆவாதுன்னீங்க.”

அவன் நீட்டிய தண்ணீரைக் கீழே மண்ணில் வைத்தான்.

“சொல்லலன்னாலும் தடுப்பீங்கன்னு நெனச்சேன்.” அவள் கதவைப் பார்த்தாள். “எங்கம்மா கதவப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சி. நீங்க சும்மா நின்னீங்க.”

பைக்குள் மாற்றுப் புடவையை வைத்துக்கொண்டு, குணசுந்தரியிடம் சொல்லாமலே கேட்டைத் திறந்து வெளியே போனாள். நாலு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. பின்னாலேயே இன்னொரு செருப்புச் சத்தமும் தெருவரை போனதாக மணிவண்ணனுக்குத் தோன்றியது. அது அவளோடு குமராட்சிக்குப் போய்விடும், இத்தோடு முடிந்தது என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க விரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே இருந்தான். மகேஸ்வரி குழம்பு கொதிக்க வைத்திருந்தாள், எட்டு வயது சினேகா தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். பதினொரு மணிக்குக் காற்று திரும்பியது. முதலில் நாய்கள்தான் எழுந்து நின்றன. பிறகு தெருமுனையில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. வரிசையாக ஒவ்வொரு வீடாகச் சத்தம் நெருங்கி வந்தது.

“கதவ சாத்துங்க, நெடி வருது,” என்றாள் மகேஸ்வரி அடுப்பை அணைத்தபடி.

அவன் போய்ச் சாத்தினான். கதவு வந்து, ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது.

தோளைக் கொடுத்துத் தள்ளினான். நேற்று வரை ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொண்ட கதவு. நெடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

“என்னாங்க பண்றீங்க, புள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சிடும்.”

சினேகா இருமினாள். சின்ன இருமல். மகேஸ்வரி ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்தாள். மணிவண்ணன் இடுக்கில் துணியை அடைக்கப் பார்த்தான். துணி உள்ளே போகவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதோ இருந்தது.

நாலு விரல்.

நெற்றியைக் கதவில் வைத்தான். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

“தங்கம்மாக்கா,” என்று கிசுகிசுத்தான். “கைய எடுங்கக்கா. கொழந்த இருக்குது.”

மகேஸ்வரி நிமிர்ந்தாள். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. “யாரு தங்கம்மா?”

மகளின் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது. மகேஸ்வரியிடமாவது சொல்லியிருக்கலாம்.

“யாருமில்ல,” என்றான்.

கதவு இன்னும் ஒரு சாண் திறந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். அந்த வீட்டுக் கதவு ஒழுங்காகச் சாத்தியது. சினேகாவுக்கு மூச்சு சீராக மத்தியானம் ஆனது. நாலு மணிக்கு மணிவண்ணன் மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தான். அவன் கண்ணெதிரே கதவு தானாகவே சாத்திக்கொண்டது, வீட்டு வேலை முடித்துப் போகிறவள் சாத்துவது போல, மெதுவாக, சத்தமில்லாமல்.

கதவின் விளிம்பில் பச்சையாக நாலு தடம். ஏடிஎம் கார்டை எடுத்துச் சுரண்டினான். துணியை நனைத்துத் துடைத்தான். ஒரு துளி பாசி இல்லாமல் சுத்தமாகப் போனது. ராத்திரி தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மகேஸ்வரியிடம் சொன்னான். யாரு தங்கம்மா என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சினேகாவை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. மகேஸ்வரி அவளை மடியில் உட்காரவைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஆனது.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்து நின்றது.

மகேஸ்வரி மகளின் தலையை முகர்ந்து பார்த்தாள். “இன்னும் எண்ணெயே வெக்கலியே,” என்றாள்.